வெயில் நாளில் டார்ட்மூர்: ஹை வில்ஹேஸ், யெஸ் டார் நடைக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் இருக்கிறது டார்ட்மூர் தேசியப் பூங்கா. அதன் வடக்கு ஓரத்தில் ஓகேஹாம்ப்டன் ஊருக்கு மேலே ஹை வில்ஹேஸ் (621 மீட்டர்), யெஸ் டார் (619 மீட்டர்) என்ற இரண்டு சிகரங்கள் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் நடந்து முடிப்பவர்களுக்கான பக்கம் இது. வெயில் காலத்தை மனதில் வைத்து எழுதியது. பனிக்காலத்தில் இதே மலைக்கு வேறு தயாரிப்பு வேண்டும்.

621 மீட்டர்தானே, இதற்கு இவ்வளவு முன்னேற்பாடா?

இங்கே ஆளைத் தடுமாற வைப்பது உயரம் இல்லை, வெட்டவெளி. மூர் என்பது மரமே இல்லாத மேட்டுநிலம்: மக்கிய செடிகளால் ஆன கரிய பீட் மண், கோரை, முரட்டுப் புல், ஆங்காங்கே கருங்கல் பாறைக் குவியல். அந்தக் குவியல்களைத்தான் டார் என்கிறார்கள். ஒதுங்கக் கூரையோ நிழலோ கிடையாது. அட்லாண்டிக் பக்கமிருந்து மேகம் வந்தால் முதலில் தட்டுவது இந்த முகட்டில்தான். உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. காலையில் கண் கூசும் வெயில் இருந்தாலும் மதியம் மூடுபனியில் இருபது அடி தள்ளி இருக்கும் பாறை தெரியாமல் போகலாம்.

அதற்காகப் பயப்பட வேண்டாம். சாதாரண உடல்நிலை உள்ளவர், சரியான காலணியும் வரைபடமும் இருந்தால், நல்ல நாளில் நிதானமாக முடிக்கக்கூடிய நடை இது.

கிளம்பும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வானிலையை அல்ல, துப்பாக்கிச் சூட்டு அட்டவணையை. இரண்டு சிகரங்களும் ஓகேஹாம்ப்டன் இராணுவப் பயிற்சித் தளத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே உண்மையான குண்டுகளை வைத்துப் பயிற்சி நடக்கும் நாட்களில் உள்ளே போகக் கூடாது. எந்தெந்த நாள் என்பதை அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். ஓகேஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வொர்த்தி என மூன்று தளங்களுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. உங்களுக்கு வேண்டியது ஓகேஹாம்ப்டன் வரிசை. பலர் அவசரத்தில் பக்கத்து வரிசையைப் படித்துவிட்டு வந்து நிற்பார்கள்.

பயிற்சி நாளில் எல்லையோர உயரங்களில் சிவப்புக் கொடி பறக்கும், இருட்டில் சிவப்பு விளக்கு எரியும். எல்லையைச் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் காட்டும். கொடி பறந்தால் அந்தக் கம்ப வரிசையைத் தாண்ட வேண்டாம். யாரோ நான்கு பேர் உள்ளே நடக்கிறார்களே என்று நீங்களும் போகாதீர்கள்.

கொடி இல்லாத நாளிலும் சிப்பாய்கள் வெற்றுத் தோட்டாவும் புகைக்குண்டும் வைத்துப் பயிற்சி செய்வதுண்டு. சத்தம் கேட்டால் ஆபத்து என்று அர்த்தமில்லை, சற்று விலகி நடந்தால் போதும். ஆனால் தரையில் துருப்பிடித்த உலோகம் எது கிடந்தாலும் தொடாதீர்கள், காலால் தட்டிக்கூடப் பார்க்காதீர்கள். வெடிக்காத குண்டாக இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

காரில் வருகிறவர்களுக்கு மெல்டன் நீர்த்தேக்கம் வசதி. ஏ30 நெடுஞ்சாலையிலிருந்து சில நிமிட ஓட்டம். கட்டண நிறுத்துமிடமும் கழிப்பறையும் இருக்கின்றன. வெயிலான வார இறுதியில் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் நல்லது. கிராமத்துக் குறுக்குச் சாலையில் வண்டியை ஒட்டி நிறுத்தினால் விவசாயியின் டிராக்டர் நின்றுவிடும்.

ரயிலில் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸெட்டரிலிருந்து ஓகேஹாம்ப்டனுக்கு 2021 நவம்பரில் பயணிகள் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. முக்கால் மணிக்குள் வந்துவிடும். நிலையம் ஊரின் தெற்கு மேட்டில் இருப்பதால் இறங்கியதும் மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடலாம். இராணுவ முகாமைக் கடந்து, மூர் வாயிலைத் தாண்டி, வெஸ்ட் மில் டார் (541 மீட்டர்) வழியாக யெஸ் டாரைப் பிடித்து, பிறகு ஹை வில்ஹேஸ் போய்த் திரும்ப வேண்டும். போக வர 13 கிலோமீட்டர் அளவு ஆகும். லண்டனிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பவும் முடியும். ஆனால் பேடிங்டனிலிருந்து எக்ஸெட்டருக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பதால் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

மெல்டனிலிருந்து பாதையைச் சொல்லுங்கள்.

நிறுத்துமிடத்திலிருந்து இறங்கி அணையின் மேல் நடந்து மறுகரைக்குப் போங்கள். 1972-இல் கட்டி முடித்த கான்கிரீட் அணை அது. வடக்கே திரும்பிப் பார்த்தால் 1874-இல் திறந்த மெல்டன் ரயில் பாலத்தின் இரும்புக் கால்கள் தெரியும். அந்தப் பாலத்தில் இப்போது ஓடுவது சைக்கிள்கள்தான்.

மறுகரையில் வலப்பக்கம் திரும்பி, நீர்த்தேக்கம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். தண்ணீர் முடியும் இடம் வெல்லேக் கார்னர். அங்கிருந்து வெஸ்ட் ஓக்மென்ட் ஆற்றை வலக்கையில் வைத்துக்கொண்டு மேல்நோக்கிப் போனால் பள்ளத்தாக்கு நெருக்கமாகும், பாதை கல்லும் ஈரமுமாக மாறும். சற்றுத் தூரத்தில் பிளாக்-எ-டார் காப்ஸ் வரும். பாசி போர்த்திய பாறைகளுக்கு நடுவே குட்டையாக, முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஓக் மரங்கள். டார்ட்மூரில் இவ்வளவு உயரத்தில் மிஞ்சியிருக்கும் பழைய ஓக் காடுகள் மூன்றே மூன்று, இது அதில் ஒன்று. மரங்களுக்காகவும் கிளைகளில் தொங்கும் லைக்கன் என்ற பாசி போன்ற உயிரிகளுக்காகவும் இதைத் தேசிய இயற்கைக் காப்பிடமாக வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் நின்று பாருங்கள். உள்ளே பாறைகளில் ஏறினால் பாசி பெயர்ந்துவிடும், காலும் பாறை இடுக்கில் சிக்கும்.

காட்டோரத்திலிருந்து இடப்பக்கச் சரிவில் ஏறினால் பிளாக் டார். இந்த நடையிலேயே மூச்சு வாங்கும் இடம் இதுதான். அங்கிருந்து ஹை வில்ஹேஸ் ஏறத்தாழ நேர் கிழக்கே, ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கீழிருந்து பார்க்கும்போது சிகரம் தெரியாது. சரிவு குவிந்து வளைந்திருப்பதால் இதோ உச்சி என்று நினைக்கும் இடமெல்லாம் பின்வாங்கிக்கொண்டே போகும். பாதையும் ஆட்டுத் தடம் அளவுக்குத்தான். ஏறத் தொடங்கும் முன்பே காம்பஸில் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் இப்போது வித்தியாசம் மிகக் குறைவு. இவ்வளவு சிறிய தூரத்துக்குத் திருத்தம் போடத் தேவையில்லை.

ஹை வில்ஹேஸிலிருந்து யெஸ் டாருக்கு முகட்டின் மேல் வடக்கே தெளிவான தடம். இடையில் இறக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அங்கிருந்து வடமேற்கே லாங்ஸ்டோன் மலையின் முதுகில் இறங்கினால் அணைக்கே வந்து சேரும். மொத்தம் 9 முதல் 10 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர் அளவு.

எவ்வளவு நேரம் ஆகும்?

மலையில் நடப்பவர்கள் 1892 முதல் பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்கு ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்றுக்கு அது 2 மணி 40 நிமிடம் என்று காட்டும். அதை நம்பி ரயிலுக்கு நேரம் குறிக்காதீர்கள். நிற்காமல் நடக்கிற, பழக்கப்பட்ட காலுக்கான கணக்கு அது. புல் திட்டுகளில் தடுக்கித் தடுக்கிப் போவதையும் சாப்பாட்டையும் படம் எடுப்பதையும் சேர்த்தால் நான்கரை மணி. பிள்ளைகள் வந்தால் ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதக் கடைசியில் இங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டைப் பற்றிய கவலை குறைவு.

இரண்டில் எது உயரம்? பார்த்தால் யெஸ் டார்தான் பெரிதாகத் தெரிகிறதே?

ஹை வில்ஹேஸ்தான், இரண்டு மீட்டர் வித்தியாசத்தில். தென் இங்கிலாந்திலேயே அதுதான் உயரமான இடம். ஆனால் பார்வைக்கு ஏமாற்றம் தரும்: தட்டையான முகட்டில் தாழ்வான பாறை, அதன்மேல் ஒரு சிறு கற்குவியல், அவ்வளவுதான். யெஸ் டார் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. நில அளவைத் தூணும் கொடிக்கம்பமும் இராணுவக் கண்காணிப்புக் குடிலும் அதன் தலையில் இருக்கின்றன. அளந்து பார்க்கும் முன் ஊர்க்காரர்கள் அதையே உயரமானது என்று நினைத்ததில் வியப்பில்லை. உட்கார்ந்து சாப்பிட யெஸ் டாரையே சொல்வோம், பாறையின் மறைவில் காற்று படாது. தெளிவான நாளில் வடகிழக்கே எக்ஸ்மூரும் மேற்கே கார்ன்வாலின் பாட்மின் மூரும் தெரியும்.

சதுப்பில் கால் மாட்டாமல் நடப்பது எப்படி?

நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற இளம்பச்சையில் மெத்தை போல விரிந்திருந்தால் அது ஸ்ஃபேக்னம் பாசி, அடியில் தண்ணீர். வெள்ளைப் பஞ்சுத் தலையோடு பருத்திப்புல் ஆடினாலும் நிலம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். கோரைக் கொத்துகள் ஈரத்தைக் காட்டினாலும் அவற்றின் வேர்க்கட்டு உறுதியானது. தாண்டியே ஆக வேண்டுமென்றால் கொத்துமேல் கால் வைக்கலாம். ஊதா ஹெதர் பூத்திருக்கும் இடம் பெரும்பாலும் காய்ந்த மேடு.

கோடையில் சதுப்பைவிட அதிகமாகக் காலை வாங்குவது மொலினியா என்ற முரட்டுப் புல். முழங்கால் உயரக் குடுமிகளாக வளரும். குடுமிகளுக்கு இடையே மறைந்த குழி இருக்கும். கணுக்கால் பிசகுவது இங்கேதான், அதுவும் இறங்கும்போது, களைத்த பிறகு. அடியைச் சுருக்கி, குழியில் மிதித்து நடங்கள். குடுமியின் தலையில் மிதித்தால் அது சாயும். இரண்டு கைத்தடிகள் இருந்தால் பெரிய உதவி.

யெஸ் டாரின் மேற்குச் சரிவில் உடைந்த கருங்கற்கள் அடுக்காகச் சிதறிக் கிடக்கின்றன. அணை நேரே கீழே தெரிகிறதே என்று அந்த வழியாக இறங்கத் தோன்றும். ஈரக் கல்லில் அது மெதுவான, ஆபத்தான வழி. தடத்தோடு சுற்றியே வாருங்கள்.

மூடுபனி இறங்கிவிட்டால்?

நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று வரைபடத்தில் விரல் வையுங்கள். போனில் கட்ட எண்ணை (வரைபடக் கட்டங்களில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும் எண்) பாருங்கள், ஹை வில்ஹேஸ் உச்சி எஸ்எக்ஸ் 580 892. இரண்டு சிகரங்களுக்கும் நடுவில் இருந்தால் முகட்டுத் தடத்தை விடாதீர்கள். யெஸ் டாரில் இருந்தால் கல்சரிவுப் பக்கம் போகாமல், கிழக்கே ரெட்-எ-வென் ஓடையைக் கடந்து ஓகேஹாம்ப்டன் முகாமுக்கு இறங்கும் இராணுவத் தடத்தைப் பிடிப்பது நல்லது. வண்டி மெல்டனில் நிற்கிறதே என்று யோசிக்க வேண்டாம். முகாமிலிருந்து சாலை வழியே சுற்றிப் போய்க்கொள்ளலாம்.

வரைபடம் ஓஎஸ் (பிரிட்டன் நில அளவைத் துறை) எக்ஸ்புளோரர் ஓஎல்28, அளவு 1:25,000. அதாவது தாளில் நான்கு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். போன் செயலி போதாதா என்றால், வெயிலில் திரை தெரியாது, குளிர்காற்றில் பேட்டரி இறங்கும், பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். தாளும் காம்பஸும் பையில் இருக்கட்டும்.

வெயில் நாள்தானே, மழைக்கோட்டு எதற்கு?

காற்றுக்கு. மேலே ஏற ஏற நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குறையும். கீழே 22 டிகிரி என்றால் உச்சியில் 19 அல்லது 20. அது பெரிதில்லை. ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு உச்சிக் காற்றில் பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் நடுக்கம் எடுக்கும். பனியனுக்கு விளையாட்டுத் துணி, மேலே மெல்லிய ஃப்ளீஸ், காற்றும் மழையும் தடுக்கும் மேலங்கி: இந்த மூன்றும் வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது.

நம் நிறத்துக்கு சன்கிரீம் தேவையா?

தேவை. கருத்த தோல் எளிதில் சிவக்காது, ஆனால் எரிச்சலும் தோல் பாதிப்பும் வராமல் இருக்காது. தென் இங்கிலாந்தில் ஜூன் மாத நண்பகலில் புறஊதாக் குறியீடு 7 வரை போகிறது. குளிர்ந்த காற்று அடிப்பதால் சுடுவதே தெரியாது. காது, பின்கழுத்து, மூக்கு, தலையில் வகிடு ஆகிய இடங்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாடாக் கட்டிய தொப்பி வாங்குங்கள், இல்லாவிட்டால் அது யெஸ் டாரிலேயே தங்கிவிடும்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு இரண்டு லிட்டர், கொளுத்தும் நாளில் மூன்று. மேலே கடையும் இல்லை, குழாயும் இல்லை. ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் மேலே ஆடும் மாடும் மேய்கின்றன, சில சமயம் செத்தும் கிடக்கும். வடிகட்டாமல் குடிக்க வேண்டாம்.

புளிசாதமும் எலுமிச்சைசாதமும் இந்த நடைக்குப் பொருத்தம்: கெடாது, உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். ஒரேயடியாக உச்சியில் நிறையச் சாப்பிடாமல், மணிக்கொரு முறை கடலை மிட்டாய், பேரீச்சை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தலைவலி, குமட்டல், சிறுநீர் அடர்மஞ்சள் என்றால் உடனே நிழல் தேடி உட்கார வேண்டும். பாறையின் வடக்குப் பக்கம் பெரும்பாலும் நிழல் இருக்கும். காலணியைத் தளர்த்தி, மிடறு மிடறாகக் குடித்து, அரை மணி கழித்தும் சரியாகவில்லை என்றால் உதவி கேட்கும் நேரம்.

பாம்பு உண்டா?

உண்டு. ஆடர் என்ற விரியன் வகை, முதுகில் கறுப்பு வளைகோடு. பிரிட்டனின் ஒரே நச்சுப்பாம்பு. வெயில் காய்வதற்காகப் பாதையோரக் கல்லிலும் ஹெதர் ஓரத்திலும் படுத்திருக்கும், காலடி அதிர்வு கேட்டால் விலகிவிடும். பிரிட்டனில் ஆடர் கடித்து ஒருவர் கடைசியாக இறந்தது 1975-இல். கடித்தால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீறி உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள்.

உண்ணி கடித்தால் என்ன செய்வது?

பாம்பைவிட இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் பிராக்கன் பெரணியிலும் நீண்ட புல்லிலும் கசகசா அளவில் உண்ணிகள் காத்திருக்கும். சில உண்ணிகள் லைம் நோய்க் கிருமியைச் சுமக்கின்றன. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள். வெளிர்நிறத் துணியில் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். வீடு திரும்பிய அன்றே முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், இடுப்புப் பட்டை, பிள்ளைகளுக்கு முடியோரம் என்று தடவிப் பாருங்கள்.

ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், மெதுவாக நேர் மேலே இழுங்கள். எண்ணெய், வாசலின், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். பிறகு கிருமிநாசினி. மூன்று மாதம் வரை அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். விரிந்துகொண்டே போகும் வட்டத் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். படங்களில் காட்டும் சிவப்பு வளையம் நம் தோலில் அப்படியே தெரியாது. பழுப்பாகவோ கன்றிப்போனது போலவோ இருக்கலாம் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள்.

மூரில் மேயும் மட்டக்குதிரைகளுக்குப் பிஸ்கட் கொடுக்கலாமா?

கூடாது. அவை உரிமையாளர் உள்ள மந்தைகள். தீனி பழகினால் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும்.

நாயைக் கூட்டிப் போகலாமா?

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை கயிற்றில் பிடித்தபடி. வானம்பாடி போன்றவை தரையில் கூடு கட்டும் காலம் அது. மற்ற மாதங்களிலும் ஆடு அருகில் இருந்தால் கயிறு அவசியம். கன்றோடு நிற்கும் மாடு நாயை நோக்கி ஓடிவந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்து வரலாமா?

முட்டி வலி இருந்தால் சிகரம் வேண்டாம். அணைமேல் நடந்து, நீர்த்தேக்கத்தின் கரையில் முடிந்த தூரம் போய்த் திரும்புவதே அழகான அரை நாள். சமதளம் மட்டுமே வேண்டுமென்றால் ஓகேஹாம்ப்டனிலிருந்து மெல்டன் பாலம் வரையிலான கிரானைட் வே சைக்கிள் பாதை இருக்கிறது. பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றமே தெரியாது. செருப்பில் வர விடாதீர்கள்.

திரும்பி வரும்போது நீர்த்தேக்கத்தில் குளிக்கலாமா?

அனுமதி இல்லை. மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தாலும் சற்று ஆழத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும். உடல் அதிர்ந்து மூச்சுத் திணறும்போது நல்ல நீச்சல்காரரும் மூழ்குவார். கால் நனைக்க வெல்லேக் கார்னர் ஓடை போதும்.

தேநீர் போட அடுப்பு பற்ற வைக்கலாமா? இரவு தங்கலாமா?

விறகுத் தீயும் தூக்கி எறியும் பார்பிக்யூ தட்டும் கூடாது. காய்ந்த பீட் மண்ணுக்குள் தீ இறங்கினால் மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். கூடாரத்தைப் பொறுத்தவரை, டார்ட்மூர் பொதுநிலங்களில் முதுகுச்சுமையோடு வந்து தங்கும் உரிமையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. பூங்கா வெளியிடும் முகாம் வரைபடத்தில் அனுமதித்த பகுதியைப் பார்த்துக்கொண்டு, சூட்டு அட்டவணையில் மறுநாளையும் சேர்த்துப் பாருங்கள்.

அடிபட்டுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

999 அல்லது 112. முதலில் காவல்துறை என்று கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். வெறுமனே ஆம்புலன்ஸ் கேட்டால் வண்டி சாலை முடிவில் நின்றுவிடும். கட்ட எண், எத்தனை பேர், என்ன காயம், என்ன உடை, போனில் எவ்வளவு பேட்டரி: இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேச சிக்னல் போதாத இடத்தில் 999-க்குக் குறுஞ்செய்தி போகக்கூடும். ஆனால் அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலேயே 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி 999-க்கு அனுப்பி, வரும் பதிலின்படி செய்யுங்கள். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. செலவாகுமோ என்று தயங்கி இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.